பள்ளியில் ரத்தம் சிந்தினால் துடைப்பது யார், எதைக் கொண்டு?

ஹெச்.எம்_நடுநிலை | 14 ஜூன் 2024, மாலை 5.40

முதலுதவிப் பெட்டிக்குக் கையுறை வாங்கலாம் என்றால், "இது என்ன ஆஸ்பத்திரியா? இங்கே யாரும் ஊசி போடுவதில்லையே" என்று ஆசிரியர் கூட்டத்தில் பதில் வருகிறது. பெட்டியில் பஞ்சு, டெட்டால், பிளாஸ்திரி இருக்கின்றன. பிள்ளைகள் விழுவதும் மூக்கில் ரத்தம் ஒழுகுவதும் வாராவாரம் உண்டு. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை தரும் வைரஸ்) எல்லாம் பள்ளி ஊழியருக்குத் தொற்ற உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால் எதில் தொடங்குவது? பள்ளி மானியத்தில்தான் எடுக்க வேண்டும், அதிகம் கிடையாது.

வார்டு_சிஸ்டர் | 14 ஜூன், இரவு 9.15

வாய்ப்பு உண்டு. சிறியதுதான், ஆனால் செலவில்லாமல் இன்னும் சிறியதாக்கலாம்.

ரத்தம் பட்ட ஊசி தோலைத் துளைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவமனை ஊழியர்களிடம் எடுத்த கணக்கு இருக்கிறது. அந்த ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால் 100க்கு 6 முதல் 30 பேருக்குத் தொற்றும். ஹெபடைடிஸ் சி 100க்கு 2 பேருக்கும் குறைவு. எச்.ஐ.வி. 1000க்கு 3. கண்ணிலோ வாயிலோ தெறித்தால் எச்.ஐ.வி. 10,000க்கு 9. காயமில்லாத தோலில் பட்டால் பயமில்லை, கழுவினால் போதும்.

எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்துப் பயப்படுகிறார்கள். பள்ளியில் முதலில் நினைக்க வேண்டியது ஹெபடைடிஸ் பி. காய்ந்த ரத்தத்திலும் அது குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். வெள்ளிக்கிழமை பெஞ்சில் பட்டதைத் திங்கட்கிழமை துடைக்கிறவருக்கும் அது புது ரத்தம் போலத்தான். மூன்றில் தடுப்பூசி இருப்பதும் இதற்கு மட்டுமே.

உங்கள் பள்ளியில் ரத்தத்தைத் தொடுகிறவர் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கட்டுப் போடும் ஆசிரியர், பி.டி. சார், சத்துணவுக் கூடத்தில் காய் நறுக்குகிறவர், கழிப்பறையும் வகுப்பும் துடைக்கும் ஆயாம்மா. ஆசிரியர் ஒரு முறை தொட்டுவிட்டுப் போய்விடுவார். தரையில் கிடப்பது, வாளியில் ஊறுவது, நாப்கின் தொட்டியில் கிடப்பது எல்லாம் ஆயாம்மா கைக்குத்தான் போகிறது. அவருக்குக் கையுறையும் கிடையாது, யாரும் எதையும் சொல்லித் தருவதும் கிடையாது. அதனால் முதல் செலவு அவருடைய தடுப்பூசி. பெட்டிக்குக் கையுறை இரண்டாவது.

வார்டு_சிஸ்டர் | 14 ஜூன், இரவு 9.50

மேலே விட்டுப்போனது. பிறந்த குழந்தைகளுக்கு அரசு போடும் அட்டவணையில் ஹெபடைடிஸ் பி 2002 வாக்கில் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2011இல்தான் நாடு முழுக்க வந்தது. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குப் போட்டாயிற்று. கரும்பலகை முன்னால் நிற்பவருக்கும் துடைப்பம் பிடித்திருப்பவருக்கும், தாங்களாகப் போய்ப் போட்டிருந்தால் உண்டு.

பி.டி_மாஸ்டர்_தஞ்சை | 15 ஜூன், காலை 6.20

கபடி, கோகோ இரண்டிலும் முட்டி, முழங்கை தேயாத நாளே இல்லை சார். ரத்தத்தோடு பையன் ஆடிக்கொண்டே இருப்பான். நிறுத்தினால் "சின்னக் காயம்தான் சார்" என்பான். மண்தரையில் விழுந்த ரத்தத்தை என்ன செய்வது? செயற்கை விரிப்பு இருக்கும் பள்ளியில் என்ன செய்வது?

வார்டு_சிஸ்டர் | 15 ஜூன், காலை 7.05

ரத்தம் நிற்கும்வரை வெளியே உட்காரட்டும். காயத்தை மூடிக் கட்டிய பிறகு உள்ளே வரலாம். பனியனில் ரத்தம் இருந்தால் மாற்றிக்கொண்டு வரட்டும். இது வெறும் சுத்தக் கணக்கில்லை. ஜப்பானில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் சுமோ அணிக்குள் ஹெபடைடிஸ் பி பரவியது 1982இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. உடம்போடு உடம்பு உரசும் ஆட்டம், திறந்த சிராய்ப்பு. கபடியும் அந்த வகைதான்.

மண்தரை: ரத்தம் ஊறிய மண்ணைச் சுற்றியிருக்கும் இரண்டு விரற்கடை சேர்த்து மண்வெட்டியால் வாருங்கள். மைதானத்துக்கு வெளியே குழியில் போட்டு பிளீச்சிங் கரைசல் ஊற்றி மூடுங்கள். மண்ணின் மேலேயே பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போவதில் பயனில்லை. பவுடர் கரைந்தால்தான் வேலை செய்யும். காற்றில் பறந்தால் பிள்ளைகள் கண்ணில் விழும்.

விரிப்பு: முதலில் காகிதத்தால் ஒற்றி எடுத்து, பிறகு கரைசலில் நனைத்த துணி, 10 நிமிடம் கழித்து வெறும் தண்ணீர். கடைசித் தண்ணீரை விட்டால் விரிப்பு வெளிறும், ஆடுகிறவன் தோலும் எரியும்.

இன்னொன்று. பிள்ளையின் காயத்தைப் பிள்ளையே அழுத்திப் பிடிக்கட்டும். நான்காம் வகுப்புக்கு மேல் எல்லோராலும் முடியும். பஞ்சைக் கொடுத்து "அழுத்திப் பிடி" என்று சொன்னாலே பாதி வேலை உங்கள் கைபடாமல் முடியும். மூக்கில் ரத்தம் என்றாலும் அதுவே. உட்கார வைத்து, தலையை முன்னால் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியை அவனே 10 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். தலையை அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குப் போய், அவன் வாந்தி எடுத்து, சுத்தம் செய்ய இரண்டு மடங்கு ஆகும்.

ஹெச்.எம்_நடுநிலை | 15 ஜூன், பகல் 1.30

கரைசல் எப்படிக் கலப்பது? ஊராட்சியில் இருந்து பிளீச்சிங் பவுடர் மூட்டை வருகிறது. டெட்டால் போதாதா?

வார்டு_சிஸ்டர் | 15 ஜூன், இரவு 8.40

டெட்டால் போதாது. ஹெபடைடிஸ் பி-க்கு அதை நம்பிவிட முடியாது. பினாயில் வாசனைக்குத்தான். சானிடைசர் ரத்தம் பட்ட கையில் வேலை செய்யாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும்.

தேவையானது 1 சதவீத ஹைப்போகுளோரைட், அதாவது பிளீச்சிங் கரைசல். கடையில் 5 சதவீதத் திரவம் கிடைத்தால் ஒரு பங்குக்கு 4 பங்கு தண்ணீர். 10 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு 9. பவுடர் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம். பிளாஸ்டிக் வாளியில் குச்சியால் கலக்கி, சுண்ணாம்பு அடியில் இறங்க விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அன்றன்றைக்கு அன்றன்று கலக்க வேண்டும். முந்தாநாள் கலந்தது மணக்கும், கொல்லாது.

தரையில் சிந்தியதை எடுக்கும் முறை:

பிள்ளைகளை அந்த இடத்தை விட்டு விலக்கி ஒரு நாற்காலியைக் குறுக்கே போடுங்கள். கனமான ரப்பர் கையுறை, மூடிய செருப்பு. கண்ணாடித் துண்டு கிடந்தால் அட்டையால் அள்ளுங்கள், கையுறை போட்ட கையாலும் பொறுக்காதீர்கள். ரத்தத்தின் மேல் பழைய செய்தித்தாள் நாலைந்து தாள் போட்டு ஊற விட்டு, வெளியிலிருந்து உள்ளாக அள்ளிப் பையில் போடுங்கள். அதன் பிறகுதான் கரைசல். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊற்றுங்கள், நடுவில் ஊற்றினால் ரத்தம் பரவும். குறைந்தது 10 நிமிடம் அப்படியே இருக்கட்டும். குட்டை போலத் தேங்கியிருந்தால், அள்ளுவதற்கு முன்னாலும் தாளின் மேல் கரைசல் ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். பிறகு துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர விடுங்கள்.

ரத்தத்தை அள்ளாமல் நேரே பிளீச்சிங் ஊற்றுவதுதான் எங்கும் நடக்கிறது. ரத்தத்தில் இருக்கும் புரதம் குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது.

கழிப்பறை ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒரே வாளியில், ஒரே தரையில், ஒன்றன்பின் ஒன்றாகக்கூட வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத பள்ளிக் கழிப்பறையில் அது நுரையீரலைப் பிடிக்கும். ரத்தத்தால் வருவதைவிட இது உடனடி ஆபத்து. ஆயாம்மாவுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

கெமிஸ்ட்ரி_பிளஸ்டூ | 16 ஜூன், காலை 10.10

சிஸ்டர் சொல்லும் 30 கிராம், பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருந்தால்தான் சரி. வாய் திறந்து ஆறு மாதம் கிடந்த மூட்டையில் அது இருக்காது. 25 சதவீதமாக இறங்கியிருந்தால் லிட்டருக்கு 40 கிராம், 20 என்றால் 50 கிராம். கட்டி தட்டிய, ஈரம் கோத்த, மூக்கில் ஏறாத பவுடரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

பக்கத்தில் மேல்நிலைப் பள்ளி இருந்தால் அளந்தே பார்க்கலாம். பவுடர் கரைசலோடு பொட்டாசியம் அயோடைடும் அசிட்டிக் அமிலமும் சேர்த்தால் குளோரினுக்கு ஈடாக அயோடின் வெளிவரும். அதைத் திறன் தெரிந்த சோடியம் தயோசல்பேட்டால், ஸ்டார்ச்சின் நீலம் மறையும்வரை தரம்பார்க்க வேண்டும். பிளஸ் டூ மாணவர்கள் கையில் இருக்கும் வேலைதான். வாயு வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எடை போடச் சத்துணவுத் தராசைத் தொடாதீர்கள். ஆய்வகத் தராசில் 30 கிராம் பொட்டலங்களாக ஒரு மாதத்துக்கு மட்டும் போட்டு, இறுகிய மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நிழலில் வைக்கலாம். ஒரு பொட்டலம், ஒரு லிட்டர் பாட்டில். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவருக்கும் இது தவறாது. தகர டப்பா வேண்டாம், அரித்துவிடும்.

வார்டு_சிஸ்டர் | 16 ஜூன், பகல் 12.00

கெமிஸ்ட்ரி சார் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். என் 30 கிராம் புதுப் பைக்கு. ஊராட்சி மூட்டைக்கு 40 கிராம் பொட்டலமாகப் போடுங்கள். சற்றுக் கூடினால் வெளிறும், அவ்வளவுதான். குறைந்தால் வேலையே நடக்காது.

கையுறை_கேள்வி | 18 ஜூன், இரவு 10.30

எந்தக் கையுறை? மருந்துக்கடையில் கேட்டால் நூறு இருக்கும் பெட்டியை நீட்டுகிறார்கள்.

வார்டு_சிஸ்டர் | 19 ஜூன், காலை 6.45

இரண்டு வகை வேண்டும். கட்டுப் போட மெல்லிய நைட்ரைல் (செயற்கை ரப்பர்), நடுத்தர அளவு ஒரு பெட்டி. லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) மலிவுதான், ஆனால் சிலருக்கு அரிக்கும். தேங்காய் எண்ணெய் பட்டால் இளகிப்போகும். நம் ஊரில் தலைக்கு எண்ணெய் வைத்து வரும் பிள்ளையின் மண்டைக் காயத்துக்கு லேட்டக்ஸ் ஒத்துவராது. மெல்லியது எதுவானாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு ஜோடி, கழுவி மறுபடி போடக் கூடாது.

துடைக்கிறவருக்கு முழங்கைக்குப் பாதி வரும் கனமான ரப்பர் கையுறை. கழிப்பறைக்கு ஒரு நிறம், வகுப்புக்கு வேறு நிறம். வேலை முடிந்ததும் கையில் போட்டபடியே சோப்பில் கழுவி, கரைசலில் 10 நிமிடம் முக்கி, அலசி, நிழலில் தொங்கவிட வேண்டும். வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றிப் பிடித்துப் பாருங்கள், ஒழுகினால் தூக்கிப் போடுங்கள். அளவு பார்த்து வாங்குங்கள். ஆண்கள் அளவில் வாங்கிக் கொடுத்துவிட்டு "ஆயாம்மா போடுவதே இல்லை" என்று குறை சொல்வது நியாயமில்லை. விரல் நுனி தொளதொளத்தால் துடைப்பத்தைப் பிடிக்க முடியாது, கழற்றி வைத்துவிடுவார்.

கையுறை அந்த நேரத்தில் இல்லையென்றால் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். ரத்தம் சிந்தும் பிள்ளையைக் காக்க வைக்கக் கூடாது.

கழற்றும்போதுதான் பலருக்குக் கையில் படுகிறது. ஒரு கையுறையின் மணிக்கட்டு ஓரத்தை வெளிப்பக்கமாகப் பிடித்து உள்புறம் வெளியே வரும்படி உரித்து, மற்றக் கையின் உள்ளங்கையில் சுருட்டிக்கொள்ளுங்கள். வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உள்ளே விட்டு அதையும் உரித்தால் முதலாவது அதற்குள் போய்விடும். பிறகு சோப்பு.

சிறப்புப்பள்ளி_டீச்சர் | 22 ஜூன், மாலை 4.15

எங்கள் பிள்ளைகளில் சிலர் கடிப்பார்கள். தடிமனான கைமூடி போட்டால் பிள்ளை பயப்படுகிறது. கடித்தால் எச்.ஐ.வி. வருமா என்று புதிதாகச் சேரும் உதவியாளர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்.

வார்டு_சிஸ்டர் | 22 ஜூன், இரவு 9.00

தோல் கிழியாத கடிக்கு எதுவும் வராது, கழுவினால் போதும். தோல் கிழிந்தால் ஹெபடைடிஸ் பி-யை நினைக்க வேண்டும், கடித்தவர் வாயில் ரத்தம் இருந்தால் இன்னும் அதிகமாக. எச்.ஐ.வி. கடியால் பரவுவது மிக மிக அரிது. பலரும் மறப்பது, ரத்தம் வரும்படி கடித்த பிள்ளையின் வாய்க்குள் உங்கள் ரத்தம் போயிருக்கும். இருவரையும் மருத்துவர் பார்க்க வேண்டும். டி.டி. ஊசியும், மனித வாய்க் கிருமிக்கு ஆன்டிபயாடிக்கும் வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

கடிக்கும்போது கையை இழுக்காதீர்கள், தோல் கிழிவது இழுப்பதால்தான். கையைப் பிள்ளையின் வாய்ப்பக்கம் மெல்லத் தள்ளினால் பிடி தளரும். முழுக்கைச் சட்டையின் மேல் டெனிம் துணியில் தைத்த, முன்கையை மூடும் உறை போட்டால் போதும், பார்க்கச் சட்டை போலவே இருக்கும். சிறப்புப் பள்ளியில் ஆசிரியர், உதவியாளர், வேன் ஆயா எல்லோருக்கும் தடுப்பூசி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்சி_ஸ்கூல்நர்ஸ் | 23 ஜூன், அதிகாலை 3.10

இங்கே அமெரிக்காவில் 1991இல் ரத்தவழித் தொற்றுக்கென்றே வேலையிடப் பாதுகாப்பு விதி வந்தது. ரத்தம் தொட வாய்ப்புள்ள வேலையில் சேர்ந்தவருக்குப் பயிற்சி கொடுத்து, 10 வேலை நாளுக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதலாளி செலவில் தர வேண்டும். வேண்டாம் என்றால் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு மனம் மாறினாலும் இலவசம்தான். முதலுதவி எப்போதாவது செய்யும் ஆசிரியர்களுக்கு மட்டும் முன்கூட்டியே போடாமல், ரத்தம் பட்ட நிகழ்வுக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள் தொடங்கலாம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. எழுதப்பட்ட திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வேலை எதுவென்று பட்டியல் போடுவதுதான் திட்டத்தின் முதல் பக்கம், சிஸ்டர் முதலில் சொன்னது போலவே.

சட்டம்_படிப்பவர் | 23 ஜூன், காலை 11.25

இந்தியாவிலும் உண்டு. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் அமலில். ஊழியருக்குப் பாதுகாப்புப் பொருள், பயிற்சி, தொற்றுத்தடுப்பு மருந்து மூன்றையும் நிறுவனம் தர வேண்டும் என்கிறது. ஆகவே எல்லாப் பள்ளிக்கும் கட்டாயம்.

வார்டு_சிஸ்டர் | 23 ஜூன், பகல் 2.00

அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. மருத்துவ நிறுவனங்களையும், "கணிசமான அபாயம் உள்ள" மற்ற நிறுவனங்களையும்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. சாதாரணப் பள்ளி அதில் வருமா என்று வாதாடலாம். எல்லாப் பள்ளிக்கும் நேரே பொருந்துவது அதே சட்டத்தின் மற்றப் பக்கம். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கவோ, ஒருவரை வேலையிலிருந்து நீக்கவோ கூடாது. ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது. ஒருவரின் நிலையை வெளியில் சொல்லக் கூடாது.

யாருக்கு இருக்கிறது என்று கேட்கவே முடியாது, கேட்டாலும் பலருக்குத் தங்கள் நிலையே தெரியாது. அதனால்தான் எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே மாதிரி கையாளுவது. "அந்தப் பிள்ளை மட்டும் ஜாக்கிரதை" என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு நடந்தால், அந்தப் பிள்ளைக்கும் தீங்கு, மற்ற ரத்தத்தில் கவனம் குறைவதால் ஊழியருக்கும் தீங்கு. எச்.ஐ.வி. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1986இல் நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். இத்தனை ஆண்டு கழித்தும் இந்தப் பேச்சு ஓயாதது மனதை உறுத்துகிறது.

சமையலர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எதுவும் சோற்றாலோ தட்டாலோ பரவாது. இருக்கிறவரைச் சமையலிலிருந்து நீக்கக் காரணமே இல்லை. யார் விரலை வெட்டிக்கொண்டாலும் கட்டுப் போட்டு மேலே உறை மாட்ட வேண்டும். ரத்தம் பட்ட காயைக் கொட்டிவிட்டு அரிவாள்மனையைக் கழுவ வேண்டும்.

மூலிகை_நேசன் | 29 ஜூன், காலை 8.00

கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் மஞ்சள் காமாலையே அண்டாது. ஊசி எதற்கு? சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே நிரூபித்திருக்கிறார்கள்.

வார்டு_சிஸ்டர் | 29 ஜூன், இரவு 7.30

அந்த ஆய்வு உண்மை. 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பேராசிரியர் தியாகராஜன் குழு. ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் அதில் ஒருவர். கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து ஹெபடைடிஸ் பி-யின் அடையாளம் போனதாகச் சொன்னது. பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் அதுபோல் வரவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள் ஐயா, அது ஏற்கனவே தொற்று உள்ளவர்களிடம் செய்தது. தொற்றாமல் தடுப்பதைப் பற்றியதே இல்லை. கீழாநெல்லி குடிக்கிறவர் குடிக்கட்டும், ஊசியைத் தள்ளிப்போட அதைக் காரணமாக்க வேண்டாம்.

ஊசி விவரம்: பெரியவருக்கு 1 மில்லி, அதாவது 20 மைக்ரோகிராம். இன்று, ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று. மேல்கையில்தான் போட வேண்டும், இடுப்பில் போட்டால் எதிர்ப்புச் சக்தி சரியாக வராது. இரண்டாவது தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போகலாம். மூன்றாவது முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் ஆன்டி-ஹெச்.பி.எஸ். (எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்த்து 10 அலகோ அதற்கு மேலோ இருந்தால் போதும், பிறகு பூஸ்டர் தேவையில்லை.

ஹைதராபாத் நிறுவனம் ஒன்று 1997இல் உள்நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கியபின் விலை வெகுவாக இறங்கிவிட்டது. 10 பெரியவருக்குப் போடும் 10 மில்லிக் குப்பியும் கிடைக்கிறது, ஒரு பள்ளி ஊழியர் எல்லோருக்கும் ஒரே நாளில் போடலாம். வட்டாரத்தில் நாலு பள்ளி சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேளுங்கள். குப்பியைப் பள்ளியில் வைக்காதீர்கள். 2 முதல் 8 டிகிரி வேண்டும், ஃப்ரீசரில் உறைந்தால் அந்த மருந்து கெட்டது, உருகினாலும் திரும்பாது.

பி.டி_மாஸ்டர்_தஞ்சை | 8 ஜூலை, காலை 9.20

திங்கட்கிழமை காலை மைதானத்தில் உடைந்த பாட்டில், சில சமயம் சிரிஞ்சு. பிள்ளைகளை வரிசையாக விட்டுக் குப்பை பொறுக்கச் சொல்லும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது.

வார்டு_சிஸ்டர் | 8 ஜூலை, மாலை 6.10

பிள்ளைகளைப் பொறுக்க விடுவதை இன்றே நிறுத்துங்கள். மணி அடிப்பதற்கு அரை மணி முன்னால் பெரியவர் ஒருவர் ஷூ போட்டுக்கொண்டு சுற்றிவரட்டும். சுற்றுச்சுவர் ஓரம், மேடைப் பின்புறம், கழிப்பறைக் கூரை ஓரம்.

ஊசி கண்டால்: கனமான பிளாஸ்டிக் கேன், அதாவது காலியான பினாயில் கேனோ ஆசிட் கேனோ நன்றாகக் கழுவி உலர்த்தியது. மெல்லிய தண்ணீர் பாட்டிலை ஊசி துளைத்துவிடும். கேனைத் தரையில் வையுங்கள், கையில் பிடிக்காதீர்கள். குத்து நேர்வது கேனைப் பிடித்த கையில்தான். நீள இடுக்கியால் சிரிஞ்சின் நடுவைப் பிடித்து, முனை கீழே போகும்படி போடுங்கள். மூடியைத் தேடி எடுத்து மாட்ட வேண்டாம், வளைக்க வேண்டாம். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்க வேண்டும். உயிர்மருத்துவக் கழிவு விதிகள் 2016, பள்ளியின் முதலுதவி அறையையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. ரத்தம் ஊறிய பஞ்சு மஞ்சள் பை, கையுறை சிவப்புப் பை, கூரானவை வெள்ளை டப்பா. பள்ளியின் பின்னால் தீ வைப்பது கூடாது.

சர்க்கரை நோய் உள்ள பிள்ளை இன்சுலின் போட்டுக்கொண்டால் அதே டப்பா. விரலில் குத்தும் சிறு ஊசியான லான்செட் ஒரு முறைக்கு மட்டும். குளுக்கோமீட்டரை இரண்டு பிள்ளைகளுக்கு மாற்றாதீர்கள். ரத்த வகை முகாம் என்று ஒரே லான்செட்டால் வரிசையாகக் குத்த வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

ஹெச்.எம்_நடுநிலை | 20 ஜூலை, பகல் 12.40

நாப்கின் எரிக்கும் இயந்திரம் வைத்திருக்கிறோம். ஆயாம்மா அதைத் தொடவே மறுக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?

வார்டு_சிஸ்டர் | 20 ஜூலை, இரவு 8.50

முழு நியாயம். அந்த இயந்திரங்களில் ஒரு நேரத்துக்கு இத்தனை என்று ஒரு கணக்கு இருக்கும், பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். இடைவேளையில் எல்லோரும் ஒன்றாகப் போட்டால் அடைத்துக்கொள்ளும். மின்சாரம் போனால் பாதி வெந்ததோடு நின்றுவிடும். அந்தப் பாதி வெந்ததைக் கையால் இழுத்து எடுக்கச் சொல்வதுதான் பள்ளியிலேயே ரத்தத்தோடு நேரடியாகக் கைபடும் வேலை. புகைக்குழாய் கழிப்பறைக்குள்ளேயே முடிந்தால் மூச்சுக்கும் கேடு.

மாணவிகளுக்குத் தாளில் சுற்றிப் போடச் சொல்லித் தர வேண்டும், பழைய செய்தித்தாளைக் கழிப்பறைக்குள்ளேயே அடுக்கி வையுங்கள். காலால் மிதித்துத் திறக்கும் மூடித் தொட்டி, உள்ளே பை. நிறைந்தால் பையின் வாயைக் கட்டி எடுப்பார், உள்ளே கைவிட வேண்டாம். தொட்டியிலிருந்து இயந்திரத்துக்குக் கணக்குப் பார்த்து இடுக்கியால் போடட்டும். அடைத்தால் இணைப்பைத் துண்டித்து, முழுதாக ஆறிய பிறகு, இடுக்கியும் கனமான கையுறையும். இவை தரும்வரை அவர் மறுப்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஹெச்.எம்_நடுநிலை | 3 ஆகஸ்ட், காலை 7.15

ஊழியர் ஒருவருக்குக் குத்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சுவரில் ஒட்டும்படி சொல்லுங்கள்.

வார்டு_சிஸ்டர் | 3 ஆகஸ்ட், காலை 8.00

குத்தினாலும் வெட்டினாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும். பிதுக்கக் கூடாது. விரலை வாயில் வைத்துச் சப்பக் கூடாது, இதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், கை தானாக வாய்க்குப் போகும். ஸ்பிரிட், பிளீச்சிங், டெட்டால் எதுவும் காயத்தில் வேண்டாம். கண்ணில் தெறித்தால் இமையைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். வாயில் பட்டால் துப்பிப் பல முறை கொப்பளியுங்கள்.

பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அவசரப் பிரிவு. மணி 8 ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் வேளை 2 மணி நேரத்துக்குள் போவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் தருவதில்லை. மருத்துவர் தேவை என்றால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். தடுப்பூசி போடாதவருக்கு, ஹெபடைடிஸ் பி இருக்கும் ரத்தம் என்று தெரிந்தால் இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள எதிர்ப்புப் பொருள்) ஊசி, எடையில் கிலோவுக்கு 0.06 மில்லி, 24 மணி நேரத்துக்குள். கூடவே தடுப்பூசியின் முதல் வேளையும். இந்த இம்யூனோகுளோபுலினின் விலை தெரிந்தால், மூன்று ஊசியை முன்பே போட்டிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுக்கும் மருந்து இல்லை. தொடர் சோதனையில் தெரிந்தால் மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும், 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம்.

அன்றே அடிப்படை ரத்தச் சோதனை, பிறகு 6 வாரம், 3 மாதம், மருத்துவர் சொன்னால் 6 மாதம். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097, கட்டணமில்லை.

சட்டம்_படிப்பவர் | 3 ஆகஸ்ட், காலை 9.30

ரத்தம் யாருடையதோ அந்தப் பிள்ளையைச் சோதிக்க வேண்டுமென்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். மருத்துவமனைதான் கேட்க வேண்டும், பள்ளி வற்புறுத்தக் கூடாது. முடிவு பள்ளிக்கு வராது.

வார்டு_சிஸ்டர் | 3 ஆகஸ்ட், இரவு 9.40

பதிவேட்டையும் அப்படியே வையுங்கள். தேதி, மணி, என்ன வேலையில் இருந்தார், எதனால், உடம்பில் எங்கே, கையுறை இருந்ததா, கழுவிய மணி, மருத்துவமனை போய்ச்சேர்ந்த மணி, ஊசித் தேதிகள். பிள்ளையின் பெயருக்குக் கட்டம் வேண்டாம். பதிவேடு தலைமையாசிரியர் பீரோவில் பூட்டி இருக்கட்டும்.

ஹெச்.எம்_நடுநிலை | 24 ஆகஸ்ட், மாலை 6.00

ஆயாம்மா, சத்துணவு அம்மாக்கள் இருவர், பி.டி. சார், மற்ற ஆசிரியர்கள் என 11 பேருக்கு முதல் ஊசி ஆயிற்று. ஆயாம்மா பகுதிநேரம், வேலையை விட்டுப் போனால் மீதி இரண்டு ஊசி?

வார்டு_சிஸ்டர் | 24 ஆகஸ்ட், இரவு 8.15

அட்டையை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், அடுத்த இரண்டு தேதியும் எழுதி. செப்டம்பர் 24, பிப்ரவரி 24. எங்கே போனாலும் அங்கே போட்டுக்கொள்ளலாம். பணத்தை இப்போதே மூன்றுக்கும் கட்டி ரசீதை அட்டையோடு பின் குத்திக் கொடுங்கள். அவருக்குப் பதிலாக வருகிறவருக்கு முதல் நாளே முதல் ஊசி, அளவு பார்த்துக் கையுறை.